வாட்ஸ்அப்பில் உறவு: ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூர் அழைப்புகளை இணைத்துத் தரும் திருச்சி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் 1983இல் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை தொலைபேசி வேலைதான். இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு வாசகசாலையில் ஞாயிறு காலைகளில் மூத்தவர்களுக்கு ஸ்மார்ட்போன் பழக்குகிறேன். எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். அது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கிளம்பும்போது, வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில், கேட்க வந்த கேள்வியைக் கேட்பார்கள். விடுமுறைக்கு வரும் பிள்ளைகளும் தனியாகப் பிடித்துக் கேட்கிறார்கள். பல வீடுகளில் இரு தரப்பும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாது. அடிக்கடி வந்தவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

1. தினமும் காலையில் மறக்காமல் ‘குட் மார்னிங்’ படம் அனுப்புகிறேன். மகன் பதிலே போடுவதில்லை. அனுப்புவது தவறா?

தவறில்லை. ஆனால் அந்த ரோஜாப்பூப் படத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? அதே படம் அவருக்கு அலுவலக நண்பரிடமிருந்தும் வந்திருக்கும், குடியிருப்போர் சங்கத்திலிருந்தும் வந்திருக்கும். முன்பு காசை மிச்சம் பிடிக்க மிஸ்டு கால் கொடுப்போமே, ஒரு மணி அடித்தால் ஊர் போய்ச் சேர்ந்தாயிற்று என்று பொருள்; இதுவும் அப்படித்தான். நலமாக இருக்கிறேன் என்ற தகவல் போய்ச் சேர்ந்துவிடும். மிஸ்டு காலுக்கு யாரும் பதில் எழுதுவதில்லை.

பதில் வேண்டுமென்றால், உங்களைத் தவிர வேறு யாராலும் அனுப்ப முடியாத ஒன்றை அனுப்புங்கள். “முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறிவிட்டது, அப்பா தீப்பந்தத்தோடு கிளம்பிவிட்டார்” என்று ஒரு வரி போதும். வகுப்புக்கு வரும் ஒரு பாட்டி, தான் போட்ட கோலத்தை மாடு மிதித்துவிட்டுப் போனதைப் படமெடுத்து அனுப்பினார். மூன்று மாதம் வாய் திறக்காத பேத்தியிடமிருந்து உடனே பதில்: “எந்த மாடு? அந்தச் செவலையா?”

2. அந்தக் காலத்தில் தந்தியில் எண் போட்டுத்தானே வாழ்த்து அனுப்பினோம்? அதுவும் யாரோ எழுதி வைத்த வாசகம்தானே?

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். என்னை மடக்கிவிட்டார். உண்மைதான். தந்தி அலுவலகத்தில் வாழ்த்து வாசகங்களின் பட்டியல் இருக்கும். தீபாவளிக்கு ஓர் எண், திருமணத்துக்கு ஓர் எண். எண்ணைக் குறித்துக் கொடுத்தால் வாசகம் போய்ச் சேரும். 2013 ஜூலையில் தந்தியையே நிறுத்தும்வரை அந்த ஏற்பாட்டை யாரும் குறை சொன்னதில்லை.

ஒரு வாரம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். வாசகம் இரவல்தான். ஆனால் அதற்காக ஒருவர் வெயிலில் நடந்து போய், வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, காசு கட்டியிருக்கிறார். வாங்கியவருக்கும் அது தெரியும். அதனால்தான் பீரோவில் பத்திரப்படுத்தினார்கள். இன்றைக்கு அனுப்புவதில் பாடு ஏதும் இல்லை. அந்தப் பாடு சொல்லில்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

3. நீல டிக் வந்துவிட்டது. பார்த்தும் பதில் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

திரையில் திறந்தார் என்று அர்த்தம். அதற்கு மேல் எதுவும் இல்லை. 2014 நவம்பரில் இந்த நீல டிக் வந்ததிலிருந்து எத்தனை வீடுகளில் மனத்தாங்கல் என்று கணக்கெடுத்தால் தாங்காது. அமைப்பில் போய் இதை அணைத்துவிடலாம். அணைத்தால் மற்றவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது, அதுவே நிம்மதி. குழுவில் மட்டும் அணைக்க முடியாது.

4. பேசுவதா, எழுதுவதா, வீடியோவா? எது நல்லது?

தகவலுக்கு எழுத்து, மனசுக்குக் குரல், பேரக்குழந்தைக்கு வீடியோ. இது என் கணக்கு. ஆபரேட்டர் வேலை பார்த்தவளுக்குக் குரல் மீது பட்சபாதம் இருக்கத்தான் செய்யும் என்று நினைப்பீர்கள். ஆய்வுகளும் கொஞ்சம் என் பக்கம் இருக்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், பிறர் முன்னால் பேச வைத்தும் கணக்குப் போட வைத்தும் சிறுமிகளைப் பதற வைத்தார்கள். பிறகு சிலரை அம்மாவிடம் நேரில் பேசவிட்டார்கள், சிலரைப் போனில் பேசவிட்டார்கள், சிலருக்கு அம்மாவுடன் குறுஞ்செய்தி உரையாடல் மட்டும். அம்மாவின் குரலைக் கேட்டவர்களுக்குப் பதற்றத்துக்கான ஹார்மோன் குறைந்தது. எழுத்தில் மட்டும் பேசியவர்களின் நிலை, அம்மாவிடம் பேசவே பேசாதவர்களின் நிலையைப் போலத்தான் இருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் எனக்கு அதில் வியப்பில்லை. “நல்லா இருக்கிறேன்” என்று எழுதுகிறவன் நன்றாக இருக்கிறானா என்று எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குரலில் தெரிந்துவிடும்.

வீடியோவில் ஒரே ஒரு வேண்டுகோள். போனைத் தூக்கிப் பிடியுங்கள். பல பேரக்குழந்தைகளுக்குத் தாத்தா என்றால் ஒரு நெற்றியும் மின்விசிறியும்தான்.

5. ஞாயிற்றுக்கிழமை அழைத்தால் “சாப்பிட்டாயா?”, “சாப்பிட்டேன்” என்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. என்னதான் பேசுவது?

பெற்றோரும் பிள்ளைகளும் சொல் மாறாமல் கேட்கும் கேள்வி இதுதான்.

டிரங்க் கால் காலத்தில் கட்டணம் மூன்று நிமிடக் கணக்கு. மூன்று நிமிடம் ஆனதும் நாங்கள் நடுவில் நுழைந்து “நீட்டிக்கவா?” என்று கேட்போம். அந்த மூன்றில் ஒரு நிமிடம் “ஹலோ, கேட்கிறதா” என்பதிலேயே போய்விடும். மீதியில் செய்தி: குழந்தை பிறந்தது, பணம் வந்து சேர்ந்தது, பெரியப்பா போய்விட்டார். சில்லறைப் பேச்செல்லாம் இன்லண்ட் லெட்டரில் போகும். மடிக்கும் ஓரத்தில்கூட எழுதுவோம்: பக்கத்து வீட்டுச் சண்டை, புளி விலை, நாய் குட்டி போட்டது. இன்றைக்குப் பேச நிமிடக் கணக்கு இல்லை. ஆனால் நாம் இன்னும் டிரங்க் கால் பேசிக்கொண்டிருக்கிறோம். செய்தி மட்டும் சொல்கிறோம். செய்தி இல்லாத வாரத்தில் பேச ஒன்றும் இல்லை என்று வைத்துவிடுகிறோம். உறவு அந்த இன்லண்ட் லெட்டர் ஓரத்தில்தான் இருந்தது.

ஆகவே வாரம் முழுக்க ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னதாக நடந்ததைக் குறியுங்கள். “சாப்பிட்டாயா” என்பதை விட வேண்டாம். அது நம் ஊரில் கேள்வியே இல்லை, தலையைத் தடவுகிற மாதிரி ஒரு சொல். அதோடு நிறுத்தாமல் “என்ன குழம்பு, யார் வைத்தது, உப்பு சரியாக இருந்ததா” என்று ஒரு படி இறங்குங்கள். புத்திமதி சொல்வதைக் குறைத்து யோசனை கேளுங்கள். “தண்ணீர் மோட்டார் மாற்றலாமா?” என்று கேட்டால், பதினைந்து ஆண்டாக வெளிநாட்டில் இருக்கும் மகனும் திடீரென்று வீட்டு மனிதராகிவிடுவார்.

இன்னொரு வழி, பேசாமலே இருப்பது. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா போனை அடுக்களை மேடையில் சாய்த்து வைத்துவிட்டுக் கீரை ஆய்வார். டொரான்டோவில் மகள் துணி மடிப்பார். பத்து நிமிடத்துக்கு ஒரு வாக்கியம் வரும். ஒரு மணி நேரம் ஓடிவிடும். அருகில் இருந்திருந்தாலும் அப்படித்தானே இருந்திருப்பார்கள்?

6. எட்டு மணிக்கு அழைப்பவன் இப்போதெல்லாம் ஒன்பதுக்குத்தான் அழைக்கிறான். அக்கறை குறைந்துவிட்டதா?

எந்த மாதம் என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று முன்னால் தள்ளுவார்கள். நியூ ஜெர்சியில் காலை பத்தரைக்கு அழைக்கிற மகன் கோடையில் உங்களுக்கு இரவு 8 மணிக்கு வருவார், குளிர்காலத்தில் 9 மணிக்கு வருவார். அவர் மாறவில்லை, அவர் ஊர்க் கடிகாரம் மாறியிருக்கிறது. சிங்கப்பூர், துபாய் பிள்ளைகளுக்கு இந்தச் சாக்குச் செல்லாது.

7. குடும்பக் குழுவில் 63 பேர். சொந்தமாக ஒரு வார்த்தை எழுதுபவர் யாரும் இல்லை. வெளியேறினால் கோபித்துக்கொள்வார்களா?

2022இலிருந்து வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் உடனே தெரியும். ஆனால் உங்கள் குழுவின் அட்மின் பெரிய அத்தையாக இருந்தால் அதனால் லாபமில்லை. ஒலியை அடக்கி, ‘ஆர்க்கைவ்’ பகுதிக்கு நகர்த்தி வைத்துவிடுங்கள். கல்யாணம், காதுகுத்து, சாவுச் செய்தி அதில்தான் வரும். நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். ஊர்ப் பொது அறிவிப்புப் பலகையிடம் நாம் பாசத்தை எதிர்பார்ப்பதில்லை.

ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், ஒருவரால் உண்மையாகத் தொடர்பு வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் ஏறத்தாழ 150 பேர் என்கிறார். அதற்குள் 50, அதற்குள் 15, நடுவில் 5. துல்லியமான எண்ணா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த நடு ஐந்து. ஐந்து பேருக்குத் தனியாக ஒரு குழு தொடங்குங்கள். அதில் ஃபார்வர்டு கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். 63 பேர் முன்னால் யாரும் மூட்டுவலி பற்றிப் பேசமாட்டார்கள், ஐந்து பேரிடம் பேசுவார்கள்.

8. சித்தப்பா தினமும் தப்பான வைத்தியக் குறிப்பு அனுப்புகிறார். குழுவில் திருத்தினால் அவமானப்படுத்தியதாகிவிடுகிறது. விட்டுவிடலாமா?

விடக்கூடாது. குழுவில் திருத்தவும் கூடாது. தனியாக அழையுங்கள். “அது பொய்” என்று தொடங்காமல், “சித்தப்பா, சர்க்கரை ஏறிவிட்டதா?” என்று கேளுங்கள். பாகற்காய்ச் சாறு பற்றி வாரத்துக்கு நான்கு செய்தி அனுப்புகிறவர் பெரும்பாலும் தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் பயந்து போனவராகத்தான் இருக்கிறார். இது என் வகுப்பில் கண்டது.

விடக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்காக வந்த ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று போனில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. நாட்டில் பல இடங்களில் இப்படி நடந்த பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்தியில் இரட்டை அம்பு இருக்கும். அதைக் கண்டால் கை அங்கேயே நிற்க வேண்டும்.

9. கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா? மொய்யும் ஜிபேயில் வந்துவிடுகிறதே?

எல்லாருக்கும் நேரில் போக முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாருக்குப் படமாகப் போகிறது, யார் வீட்டு வாசலில் தாம்பூலத் தட்டோடு நிற்கிறீர்கள் என்பதை உங்களைவிட உறவினர்கள் நன்றாகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். தாய்மாமன் வீட்டுக்கு மட்டும் படமாக அனுப்பிப் பாருங்கள், மூன்று தலைமுறைக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும். படமாக அனுப்புகிறவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது போக வேண்டும். “அனுப்பியிருக்கிறேன், பார்த்தாயா” என்பது அழைப்பில் சேராது. “நீ வந்தால்தான் எனக்குக் கை வரும்” என்பது அழைப்பு.

மொய் கொஞ்சம் சிக்கலானது. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு வீட்டார் பத்திரிகையிலேயே க்யூஆர் குறியீட்டை அச்சிட்டது செய்தியானது. நோய்த்தொற்றுக் காலம், கூட்டம் சேர முடியாத நிலையில் நல்ல யோசனைதான். ஆனால் மொய் நோட்டைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், அது வெறும் பணக் கணக்கு இல்லை. யார், எந்த ஊர், எந்த வழியில் சொந்தம் என்று எல்லாம் அதில் இருக்கும். என் திருமண மொய் நோட்டில் “வாழைக்காய்க் கடைக்காரர், கொள்ளிடக்கரை, 11 ரூபாய்” என்று ஒரு வரி இருக்கிறது. அந்தப் பதினொரு ரூபாயை அவர் மகள் கல்யாணத்தில் திருப்பிச் செய்யப் போனபோதுதான் அந்தக் குடும்பத்தோடு பழக்கமே ஏற்பட்டது. ஜிபேயில் அனுப்பினால் குறிப்பு எழுதும் இடத்தில் பெயர், ஊர், உறவு மூன்றையும் எழுதுங்கள். வாங்கியவர் அதை ஒரு நோட்டில் ஏற்றி வைக்கட்டும். முடிந்தால் பந்தியில் போய் உட்காரவும் செய்யுங்கள்.

10. துக்கத்துக்கு ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதியாகிவிட்டது. அது போதும்தானே?

போதாது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. போகவே முடியாதென்றால் முதல் நாள் அழைக்காதீர்கள். அன்று வீடு நிறைய ஆள் இருக்கும். காரியம் முடிந்து, சொந்தபந்தம் ஊருக்குத் திரும்பி, வீடு ‘ஓ’ என்று கிடக்கும் நாளில் அழையுங்கள். இறந்தவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். முதல் கேள்வியில் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

11. பேரன் வீட்டுக்கு வந்தால் போனைவிட்டு நிமிர்வதே இல்லை. என்ன செய்வது?

அவன் நிமிர்ந்து பார்க்கும்போது நீங்கள் தொலைக்காட்சித் தொடரில் இருக்கக் கூடாது. இரண்டையும் அணைத்துவிட்டுப் பல்லாங்குழியையோ சீட்டுக்கட்டையோ எடுங்கள். மேற்கொண்டு சொல்ல என்னிடம் மந்திரம் இல்லை.

12. நேரில் பார்த்தே இராத ஒருவரோடு ஆறு வருடமாக இணையத்தில் பழகுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். இது நட்பாகுமா?

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதோடு சரி. சோழன் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தபோது, ஆந்தையார் வருவார், அவருக்கு இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான். சுற்றியிருந்தவர்கள் நம்பவில்லை. வந்தார். ஆகவே சிரிப்பவர்களிடம் புறநானூற்றைக் காட்டுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தேவைப்பட்ட நேரத்தில் அவர் பாண்டிய நாட்டிலிருந்து கிளம்பி நேரில் வந்தார். உறையூருக்கு ஓலை அனுப்பிவிட்டு இருந்துவிடவில்லை.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018இல் ஒரு கணக்கு சொன்னார். அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்புக்கு ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும். நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேல். உங்கள் ஆறு வருடத்தில் அது தேறும் என்றே நினைக்கிறேன். ஒருமுறை குரலில் பேசுங்கள், வாய்த்தால் பொது இடத்தில் சந்தியுங்கள். சந்திப்பதற்கு முன்னால் பணம் கேட்டால் மட்டும், எத்தனை மணி நேரம் பழகியிருந்தாலும், கொடுக்காதீர்கள்.

13. பேரன் குரலிலேயே அழுதுகொண்டு பணம் கேட்டு அழைப்பு வந்தது. குரலில்தான் எல்லாம் தெரியும் என்றீர்களே?

நான்காம் கேள்வியில் அப்படித்தான் சொன்னேன். இதற்கு அது உதவாது. இப்போது ஒருவர் குரலைக் கணினியில் நகலெடுத்துப் பேசவைக்க முடிகிறது. பதறாமல் வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் பேரனை நீங்களே அழையுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள். காவல்துறை என்று சொல்லி வீடியோவில் ‘டிஜிட்டல் கைது’ செய்வதாக மிரட்டினாலும் இதே வழிதான். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது.

சந்தேகம் வந்தால் வீட்டுக்குள் மட்டும் புழங்கும் ஒன்றைக் கேளுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு தாத்தா, “நீ சின்ன வயதில் எதை விழுங்கினாய்?” என்று கேட்டாராம். எதிர்முனை உடனே துண்டித்துக்கொண்டது. நாலணாக் காசு என்று பேரனுக்குத்தான் தெரியும். ஐந்தாம் கேள்வியின் சில்லறைப் பேச்சுக்கு இப்படியும் ஓர் உபயோகம்.

14. ஆளுக்குப் பதில் கணினியே பேசும் செயலியிடம் மனம்விட்டுப் பேசினால் லேசாக இருக்கிறது. இதில் தவறு உண்டா?

கேட்டவருக்கு வயது 71. மனைவி போய் ஒன்றரை ஆண்டு. இரவு இரண்டு மணிக்கு அது பதில் சொல்கிறது, சலித்துக்கொள்வதில்லை, சொன்னதையே சொன்னாலும் கேட்கிறது. இதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு ‘இவரை எழுப்பிப் பேசுங்கள்’ என்று நான் அவருக்கு யாரைக் காட்டுவேன்?

எனக்குள்ள ஒரே வருத்தம், அதற்கு அவர் தேவைப்படவில்லை என்பது. அது அவரிடம் அரைக் கரண்டி காபித்தூள் கேட்காது. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா என்று கூப்பிடாது. ஆகவே அவரிடம் ஒரு வேலை கொடுத்தேன்: புதன்கிழமைகளில் வாசகசாலைக் கதவைத் திறக்க வேண்டும். செயலியோடு பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசலாம். மூத்தவர்களுக்கு 14567 என்ற தனி எண்ணும் இருக்கிறது. இரண்டும் இலவசம்.

15. பல வருடம் தொடர்பே இல்லாத தோழிக்கு இப்போது திடீரென்று எழுதினால் என்ன நினைப்பாளோ?

நீங்கள் அஞ்சுவதைவிட நன்றாகவே நினைப்பாள். எதிர்பாராமல் வரும் விசாரிப்பை மறுமுனை எவ்வளவு மதிக்கிறது என்பதை நாம் எப்போதும் குறைத்தே எடைபோடுகிறோம் என்று 2022இல் பெக்கி லியூவும் சக ஆய்வாளர்களும் பல சோதனைகள் செய்து காட்டியிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகும் எனக்கு எழுத மூன்று வாரம் ஆயிற்று.

எக்ஸ்சேஞ்சில் எனக்கு அடுத்த பலகையில் உட்கார்ந்தவள். ஒரு பதவி உயர்வு விஷயத்தில் மனஸ்தாபம், பிறகு இடமாற்றம், பதினாறு ஆண்டு மௌனம். எண்ணைத் தேடிப் பிடித்து, “நீ இன்னும் காபிக்கு மூன்று கரண்டி சர்க்கரைதானா?” என்று எழுதினேன். நீல டிக் வந்தது. பதில் இல்லை. இரண்டு நாள், நான்கு நாள். மூன்றாம் கேள்விக்கு ஊருக்கெல்லாம் சொல்லும் பதில் எனக்கே உதவவில்லை. ஐந்தாம் நாள் அவள் மகள் எழுதினாள்: அம்மாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது, திரையைத் தொடுவார், படிக்க முடியாது, அழைத்துப் பேசுங்கள் ஆன்ட்டி.

அழைத்தேன். எடுத்ததும், “நம்பர் ப்ளீஸ்” என்றாள்.